காலி அறையின் படம்

எல்லோருக்கும் விலகிய புல் அவளுக்கு மட்டும் விலகவில்லை.

நடந்த விதம் சரியில்லையோ என்று இன்னொரு முறை நடந்து பார்த்தாள். கதவில் இருந்து எதிர்ச்சுவர் வரை, எப்போதும்போலச் சுவரோரமாகவே. கூடத்தின் மூன்று சுவர்களிலும் தரையிலும் ஒளியால் ஆன ஆளுயரப் புல் நின்றது. உள்ளே வருகிறவர் எங்கே கால் வைக்கிறாரோ அங்கே அது பிளந்து வழிவிட வேண்டும். கை வீசினால் அந்தப் பக்கம் சாய வேண்டும். நின்றுவிட்டால், அவரைச் சுற்றி ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டு மெல்ல நிமிர வேண்டும். அப்போது தரைக்கடியில் பதித்த ஒலிபெருக்கிகளில் இருந்து, யாரோ காய்ந்த தாளைக் கசக்காமல் தடவுவது போன்ற சத்தம் கேட்க வேண்டும். எட்டு மாதமாக அவள் எழுதிய கணினி நிரல் இதைத்தான் செய்தது. நேற்று வரை செய்தது.

இன்று காலையில் மேடம் நடந்தார், தச்சர் நடந்தார், தரை துடைக்க வந்த அம்மா துடைப்பத்தோடு நடந்தார். எல்லோருக்கும் புல் விலகியது. துடைப்பத்துக்குக்கூட விலகியது. அவள் நடந்தால் மட்டும் அந்தப் பச்சை வெளிச்சம் அவள் சட்டைமேலும் கைகள்மேலும் விழுந்து, ஆள் நிற்பதே தெரியாததுபோலத் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன மியூட்டு, புல்லோட சண்டையா?"

ஏணி உச்சியில் ப்ரொஜெக்டரை முடுக்கிக்கொண்டிருந்த லைட் அண்ணாதான். அவள் அதிகம் பேசாததால் அவர் வைத்த பெயர் அது.

"எனக்கு விலகல," என்றாள்.

"மேல கேக்கல. சத்தமா சொல்லு."

"எனக்கு விலக மாட்டேங்குதுண்ணா."

அவர் இறங்கி வந்தார். இடுப்பில் கைவைத்து, கூடத்தின் நடுவால் நடந்து காட்டினார். புல் இரண்டு பக்கமும் சாய்ந்தது.

"பாத்தியா, ராஜா வர்ற மாதிரி வழி விடுது. நீ ரொம்ப நைசா நடக்கற. கொஞ்சம் காலை ஊனி நட. இங்க ஒருத்தி இருக்கேன்னு காட்டு."

அவள் காலை ஊன்றி நடந்தாள். பிறகு உதைத்தாள். புல் கண்டுகொள்ளவில்லை. காது மடல் சூடானது.

"சாப்பிட்டியா?"

"ம்." சாப்பிடவில்லை.

"சரி, அப்ப அது யாரு?"

அவர் கை காட்டிய இடத்தில், இடது பக்கத் தூணை ஒட்டி, புல் பிளந்து நின்றது. அங்கே ஒருவரும் இல்லை.

"தூண் நிழல்," என்றாள்.

லைட் அண்ணா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "தூணுக்குத் தோள் இருக்குமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஏணியில் ஏறினார்.

வெளியே நண்பகல் வெயில். உள்ளே ஜன்னலே கிடையாது. கறுப்பு வண்ணம் பூசிய சுவர்கள், கம்பளம் ஒட்டிய பசையின் வாடை, ப்ரொஜெக்டர் சூட்டில் தூசி கருகும் வாடை. அவள் மூலை மேசையில் லேப்டாப்பைத் திறந்தாள்.

அடிப்படை எளியது. கூரையில் வரிசையாகக் கேமராக்கள். கூடத்தில் யாருமே இல்லாதபோது முதலில் ஒரு படம் எடுக்க வேண்டும். அதைக் காலி அறைப் படம் என்பார்கள். பிறகு கேமராக்கள் பார்ப்பதில் இருந்தெல்லாம் இயந்திரம் அந்தப் படத்தைக் கழித்துக்கொண்டே இருக்கும். மிச்சம் வருவது மனிதர். மிச்சம் வராவிட்டால் அங்கே ஒருவரும் இல்லை. பள்ளிக்கூடக் கழித்தல் கணக்குதான். ஒரே நொடியில் எடுத்தால் தூசியும் மினுக்கலும் பதிந்துவிடும் என்பதால், கேமராக்கள் சில நிமிடங்கள் தொடர்ந்து பார்த்துச் சராசரி எடுக்கும். அசைவது எதுவும் அந்தப் படத்தில் நிற்காது. அசையாதது நிற்கும்.

நேற்று எடுத்த படத்தைத் திறந்தாள். கறுப்புத் தரை, கதவு, தூண். தூணை ஒட்டி, நீலச் சட்டையில், அவள்.

அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. நேற்று படமெடுக்கத் தொடங்கும் நேரத்தில் மேடம் வாசலை அடைத்துக்கொண்டு நாலைந்து விருந்தினரோடு பேசிக்கொண்டிருந்தார். வெளியே போக வேண்டுமானால் நடுவில் புகுந்து "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்ல வேண்டும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மேடம் அவளை அறிமுகப்படுத்துவார். அதற்குப் பயந்து, தூண் மறைத்துவிடும் என்ற நம்பிக்கையில், அவள் அதன் பின்னால் ஒண்டி நின்றாள். கேமரா கண்டுவிடக் கூடாதென்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். அசையாமல் நிற்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. இயந்திரம் அவளைக் கூடத்தின் ஒரு பாகம் என்று எடுத்துக்கொண்டது. இப்போது அவள் அங்கே இல்லாததால், அந்தக் குறையை ஓர் ஆள் என்று எண்ணிப் புல்லை விலக்குகிறது.

புரிந்துபோனதும் பாதி நிம்மதி. திரும்ப எடுத்தால் தீர்ந்தது. அவளுக்கு ஏன் புல் விலகவில்லை என்பதற்கு மட்டும் அதில் பதில் இல்லை. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பின்னால் மேடம் வந்து நின்றார். புல்லை வரைந்தவர் அவர். கண்காட்சியின் வாசல் பலகையில் இருப்பதும் அவர் பெயர்தான். அசைய வைப்பது மட்டும் இவள் வேலை.

"புல்லுல என்ன அது சொட்டை மாதிரி?"

"சரி பண்ணிடறேன் மேடம்."

"காலைல இருந்து இதையேதான் சொல்ற. ஆறு மணிக்கு ஜனம் வந்துடும். அதுக்குள்ள அந்த ஓட்டை அடையலன்னா வீடியோவைப் போட்டுடறேன். புல்லு சும்மா ஆடிட்டு இருக்கட்டும். வர்றவங்களுக்கு என்ன தெரியப் போகுது?"

எட்டு மாத வேலைக்குப் பதிலாக ஒரு வீடியோ. ஏதோ சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தாள். அதற்குள் மேடத்தின் செருப்புச் சத்தம் கதவைத் தாண்டிவிட்டது.

லைட் அண்ணாவையும் வெளியே அனுப்பிவிட்டு, இந்தத் தடவை அவளும் லேப்டாப்போடு நடைபாதைக்கு வந்து கதவைச் சாத்தினாள். லேப்டாப்பில் பொத்தானை அழுத்தினாள். படம் பதிவாகும் நேரத்தில் அக்கா கூப்பிட்டாள்.

"லீவு சொல்லிட்டேன்டி. ஆறரைக்கு அங்க இருப்பேன்."

"ம்."

"அப்பா என்ன கேட்டார் தெரியுமா? சுவத்துல புல்லு முளைக்க வைக்க எம்.எஸ்சி. படிக்கணுமான்னு. நான் நேர்ல பாத்துட்டு வந்து சொல்றேன்னு சொல்லியிருக்கேன். பிடிக்கலன்னா நீ அந்த டீச்சர் வேலைக்கே போயிடணும்னு பேச்சு. என் மானத்தை வாங்கிடாத."

"சரிக்கா."

"என்ன சரி? நீயே கூட நடந்து எல்லாத்தையும் விளக்கணும். எங்கயாவது மூலைல போய் நின்னுக்காத."

உள்ளே போனாள். தூணருகே புல் மூடியிருந்தது. சத்தமாகவே மூச்சு விட்டாள். பிறகு பார்த்தாள். பிளவு தூணை விட்டு இரண்டடி தள்ளி வந்திருந்தது.

அவள் கையை ஆட்டினாள். குதித்தாள். ஒன்றும் இல்லை.

புதிய படத்தைத் திறந்தாள். கறுப்புத் தரை, கதவு, தூண். தூணில் இருந்து இரண்டடி தள்ளி, அவள்.

பழைய படம் அழியவில்லை போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். அப்படித்தான் நினைக்கவும் வேண்டும். நிரலில் எங்கோ ஒரு வரி பழையதையே எடுத்துத் தருகிறது. எங்கே என்று தேடினாள். எல்லாக் கோப்புகளையும் அழித்தாள். இயந்திரத்தை அணைத்துப் போட்டாள். கேமரா இணைப்புகளைக் கழற்றி மாட்டினாள். விரல் நுனிகள் தூசியில் கறுத்தன. மறுபடி வெளியே போனாள், மறுபடி எடுத்தாள், மறுபடி திறந்தாள். அதற்குப் பிறகும் இன்னொரு முறை. ஒவ்வொரு படத்திலும் அவள் இருந்தாள். ஒவ்வொன்றிலும் கூடத்தின் நடுப்பக்கம் ஓர் அடி கூடுதலாக வந்திருந்தாள். கடைசிப் படத்தைப் பெரிதாக்கியபோதுதான் அவள் கை மவுஸின்மேல் அப்படியே நின்றது.

நேற்று அவள் போட்டிருந்தது நீலச் சட்டை. படத்தில் இருந்தவள் மஞ்சளில் இருந்தாள். இன்றைய மஞ்சளில். இடது கைமடிப்பில், சற்று முன் கேமராவைக் கழற்றியபோது பட்ட தூசிக் கறை உட்பட.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேடத்தைத் தேடி ஓடினாள்.

"மேடம், இதுல நான் இருக்கேன்."

மேடம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரையில் குனிந்தார். "எங்க?"

"இங்க. நடுவுல."

"காலி ரூம் படம்தானே? காலியாத்தானே இருக்கு."

"நான் நிக்கறேன் மேடம்."

மேடம் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ராத்திரி தூங்கினியா நீ?"

"எனக்குப் புல்லும் விலக மாட்டேங்குது."

"உனக்கு விலகலன்னா என்ன? நீயா டிக்கெட் வாங்கிட்டு வரப் போற? அந்த ஓட்டையை அடைம்மா. அதுதான் எனக்கு வேணும்." இந்தக் கடைசி வார்த்தைகளை அவர் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவள் தோளுக்குச் சற்றுத் தள்ளி, காற்றைப் பார்த்துச் சொன்னார்.

லைட் அண்ணாவிடம் காட்டினாள். அவரும் அதையேதான் சொன்னார். தூண் அழகாக வந்திருக்கிறது என்றார்.

கூடத்துக்குத் திரும்பியபோது கோபத்தில் அவள் காதுக்குள் இரைந்தது. எதற்கும் கத்தாதவள். இப்போது கத்தினால் தேவலாம் போலிருந்தது. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், ஆமாம் என்று சொன்னால் போதும். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளியே தரை துடைக்கும் வாளிச் சத்தம் தேய்ந்தது. ப்ரொஜெக்டர்களின் விசிறிகள் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தன. பசை வாடையோடு இப்போது வேறொன்றும் கலந்திருந்தது. ஈரமான வேர், நசுங்கிய பச்சை. ஒளியால் ஆன புல்லுக்கு வாடை கிடையாது என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

தாளைத் தடவும் சத்தம் கேட்டது.

அவள் நின்றிருந்தாள். அசையவில்லை.

சத்தம் நின்றது. மறுபடி கேட்டது. ஓர் அடி. இன்னோர் அடி. வலப்பக்கச் சுவரை ஒட்டிப் புல் பிளந்து, மூடி, பிளந்து வந்தது. அந்த நடையை அவளுக்குத் தெரியும். சுவரோரம். தோள் ஒடுங்கி. இடது காலை முன்வைத்து, ஒரு நொடி தயங்கி. எட்டு மாதமாகச் சோதனைக் காட்சிகளில் பார்த்துச் சலித்த அவளுடைய சொந்த நடை.

பிறகு அது சுவரை விட்டது.

கூடத்தின் நடுவுக்கு வந்தது. இந்த எட்டு மாதத்தில் அவள் ஒருமுறைகூட நின்றிராத இடம். கூரை விளக்குகள் எல்லாம் ஒன்றாக விழும் இடம். அங்கே நின்று கைகளை விரித்தது. இரண்டு பக்கப் புல்லும் தரையோடு படுத்தது. கைகளை இறக்கியது. புல் எழுந்தது. மறுபடி விரித்தது.

விளையாடுகிறது.

அவள் பயந்தாள். ஆனாலும் அந்தப் பயத்துக்கு மேலே எரிச்சல் நின்றது. நான் எழுதியது. என் புல். நான் ஆடினால் ஆடாது, இல்லாத ஒன்று ஆடினால் ஆடும். சுவரில் கடிகாரம் ஆறை நெருங்கியது. கதவுக்கு அப்பால் குரல்கள். மேடத்தின் குரல், வரவேற்கும் குரலாக மாறியிருந்தது.

கழித்தல் கணக்கு. படத்தில் அவள் எங்கே இருக்கிறாளோ அங்கே போய் அவளே நின்றால், கழித்தால் பூஜ்யம். மிச்சம் கிடையாது. ஓட்டை அடையும். அவ்வளவுதான். பயப்பட என்ன இருக்கிறது?

நடந்தாள். சுவரோரமாக அல்ல. நேராக, நடுவால்.

பிளவு அசையாமல் காத்திருந்தது. கிட்டே போகப் போக வாடை கனத்தது. குளிர்ந்தது. அதன் விளிம்பில் ஒரு கணம் நின்றாள். உயரம் அவள் உயரம். தோள் அவள் தோள். அவளை நோக்கித் திரும்பியிருந்தது. அது எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

உள்ளே கால் வைத்தாள்.

புல் மூடியது. நான்கு பக்கமும் ஒரே நேரத்தில், ஒரு சத்தமும் இல்லாமல். சொட்டை இல்லை. பிளவு இல்லை. கதவில் இருந்து எதிர்ச்சுவர் வரை நிறைந்த பச்சை. எட்டு மாதத்தில் கூடம் இவ்வளவு சரியாக வந்ததில்லை.

அப்பாடா என்று சொல்ல நினைத்தாள்.

உதடு திறக்கவில்லை.

காலை எடுக்க நினைத்தாள். நினைப்போடு நின்றது. கழுத்தும் அப்படித்தான். கண் மட்டும் உருண்டது. மூச்சு மட்டும் மெல்லியதாக, நேற்றுத் தூணுக்குப் பின்னால் விட்டதுபோல.

அவளுக்கு முன்னால், ஓரடியில், புல் பிளந்தது. அந்தப் பிளவு அவளிடமிருந்து கிளம்பி, கூடத்தின் நடுவால், தயங்காமல் கதவை நோக்கிப் போனது. கதவு திறந்தது.

"அட, சரி பண்ணிட்டியா?" வெளியே மேடத்தின் குரல். "இதைத்தான் கேட்டேன். வா, வா, எல்லார்கிட்டயும் அறிமுகப்படுத்தறேன்." கொஞ்சம் இடைவெளி. பல பேர் சிரித்தார்கள். "அடேயப்பா, இந்தப் பொண்ணுக்கு இவ்ளோ பேச வருமா?"

கூட்டம் உள்ளே வந்தது. புல் அவர்களுக்கு அழகாக விலகியது. ஒரு குழந்தை ஓடி ஓடிப் பாதை போட்டது. பெரியவர்கள் முதலில் கூச்சப்பட்டு, பிறகு கைகளை வீசினார்கள். யாரும் அவள்மேல் இடிக்கவில்லை. தூணைச் சுற்றிப் போவதுபோல, பேச்சை நிறுத்தாமல், அவளைச் சுற்றிப் போனார்கள். தாடிக்காரர் ஒருவர் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார். விழாமல் இருக்க அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். கை சூடாக இருந்தது. வாரை மாட்டியதும் எடுத்துக்கொண்டு போனார்.

அவள் கத்தினாள். உள்ளுக்குள்ளேயே. பார்க்கும்படி, தொடும்படி, இங்கே, இங்கே.

வெளியே மழை பிடித்திருக்க வேண்டும். பிறகு வந்தவர்கள் எல்லோரும் நனைந்திருந்தார்கள். அக்காவும் நனைந்திருந்தாள். மழைக்கோட்டைக் கழற்றி உதறிக்கொண்டே உள்ளே வந்தாள். அக்காவின் காலடியில் ஒரு பிளவு. பக்கத்திலேயே, தோளோடு தோளாக, இன்னொரு பிளவு.

"இருடி, இதை எங்கயாவது மாட்டறேன்," என்று காற்றிடம் சொன்னாள் அக்கா. சுற்றிலும் பார்த்தாள். நேராக அவளிடம் வந்து, சொட்டும் கோட்டை அவள் முன்கையில் மாட்டினாள். அக்காவின் கண்கள் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. அவள் முகத்தின் வழியாகப் பின்சுவரைப் பார்த்தன. "அம்மாடி, எவ்ளோ பெரிசு."

இரண்டு பிளவுகளும் கூடத்தைச் சுற்றி வந்தன. அக்கா கை நீட்டினாள், புல் சாய்ந்தது. அக்கா எதையோ கேட்டாள், நின்று நெடுநேரம் பதில் கேட்டாள், தலையாட்டினாள், விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எட்டு மாசமா இதை வாய் திறந்து சொல்லியிருக்கலாம்ல? அப்பாகிட்டயும் இப்படியே பேசு. வாயடைச்சுப் போயிடுவார்."

அவள் தன் முழு பலத்தையும் விரல்களுக்கு அனுப்பினாள். நகர்ந்தன. மிக மெதுவாக, மடங்கின. கோட்டின் காலருக்குள் புதைந்து, இறுகின. அக்கா இதை எடுக்க வருவாள். எடுக்கும்போது பார்த்தாக வேண்டும்.

கூட்டம் குறைந்தது. அக்கா வந்தாள். கோட்டை இழுத்தாள். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள்.

"எங்கயோ மாட்டிக்கிச்சு," என்றாள் பக்கத்தில் பார்த்து. பிறகு குனிந்து, பேசிக்கொண்டே, ஆணியில் சிக்கிய துணியை விடுவிப்பதுபோல, அவள் விரல்களைப் பிரித்தாள். சுண்டு விரல். மோதிர விரல். நடு விரல். சிறுவயதில் நகம் வெட்டிவிட்ட அதே பொறுமையோடு. ஆள்காட்டி விரல் கடைசிவரை விடவில்லை. அக்கா அதை மடித்து எடுத்தபோது வலித்தது. அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இந்தா, நீ போட்டுக்கோ. சட்டை மெல்லிசு, நனைஞ்சிடுவ."

அக்கா கோட்டை விரித்துப் பிடித்தாள். ஒன்றும் இல்லாத காற்றில் கோட்டின் ஒரு கை நிறைந்தது. இன்னொரு கை நிறைந்தது. தோள்கள் எழுந்தன. காலருக்கு மேலே எதுவும் இல்லை. அந்த இடத்தைப் பார்த்து அக்கா சிரித்தாள். குனிந்து, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பொத்தானாக மாட்டிவிட ஆரம்பித்தாள்.